ஒரு மாடி அறையின் 15 மணி நேரம்



இரவு பத்து மணிக்கு மாடி அறைக்குள் நுழைந்ததும், மேற்குப் பார்த்த சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சூரியன் மறைந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும். சுவர் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஏர்கோனைத் தட்டினால் பத்து நிமிடத்தில் அறை குளிர்ந்துவிட்டது போலத் தோன்றும். அணைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் புழுக்கம். ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான், ஒரு வீட்டை முதலில் தாளில் கட்டிப் பார்க்கும் வித்தையை நான் கற்றுக்கொண்டேன்.

நான் குடியிருப்பது கிள்ளானில் ஒரு பழைய இரட்டை மாடி தெரஸ் வீடு. மாடியின் பின்பக்க அறை அம்மாவுடையது. மேற்கு வெயில் நேராக விழும் அறை அது. இரவில் தூக்கமில்லை என்று அம்மா சொன்னதும் ஏர்கோன் பொருத்துபவரை அழைத்தேன். அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப இருக்கிற ஒரு எச்.பி. பத்தாது டீச்சர், ஒன்றரை போட்டுடுங்க" என்றார். எந்த அளவையும் அவர் எடுக்கவில்லை. பெரிய ஏர்கோன் வாங்குவதா, அதே பணத்தில் சிலிங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு விரிப்பதா? இரண்டையும் செய்ய என் சம்பளம் இடம் தராது. வாங்கிவிட்டுத் தவறு என்று தெரிந்தால் திருப்பித் தரவும் முடியாது. ஆகவே வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

கட்டடப் பொறியாளர்கள் இதைச் சிமுலேஷன் என்பார்கள். நாம் பாவனைக் கணக்கு என்று சொல்வோம். சிறு வயதில் மணலில் சோறு சமைத்து விளையாடினோமே, அந்தப் பாவனைதான். ஒரே வேறுபாடு, இங்கே மணலுக்குப் பதில் எண்கள்.

கூரையிலிருந்து தொடங்குவோம்

ஒரு சுவரோ கூரையோ எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும் என்பதைச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. அதன் பெயர் யு-மதிப்பு. ஒரு சதுர மீட்டர் பரப்பின் இரண்டு பக்கங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், நொடிக்கு எத்தனை ஜூல் அதாவது எத்தனை வாட் வெப்பம் கடந்து போகும் என்பதுதான் அது. எனவே:

வெப்ப ஓட்டம் = யு-மதிப்பு × பரப்பு × வெப்பநிலை வேறுபாடு

அம்மாவின் அறை 4 மீட்டருக்கு 3.5 மீட்டர். ஆக 14 சதுர மீட்டர் கூரை. சிமெண்ட் ஓடு, அதற்குக் கீழே காற்றிடம், பிறகு மெல்லிய சிலிங் பலகை. இத்தகைய கூரையின் யு-மதிப்பு ஏறத்தாழ 2. உச்சி வெயிலில் ஓடு 60 டிகிரிக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். அறை 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்றால் வேறுபாடு 34. பெருக்கிப் பாருங்கள்: 2 × 14 × 34 = 952 வாட். கிட்டத்தட்ட ஒரு மின் இஸ்திரிப் பெட்டியைச் சிலிங்கில் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி.

இப்போது பஞ்சு விரிப்போம். கிளாஸ்வூல் பஞ்சின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.04. அதை 80 மில்லிமீட்டர், அதாவது 0.08 மீட்டர் தடிமனில் விரித்தால், தடிமனைக் கடத்துதிறனால் வகுக்க வேண்டும். தடை 2 என்று வரும். பழைய கூரையின் தடை, யு-மதிப்பின் தலைகீழ், அதாவது 0.5. இரண்டையும் கூட்டினால் 2.5. அதைத் தலைகீழாக்கினால் புதிய யு-மதிப்பு 0.4. மலேசியத் தரநிலை எம்எஸ் 1525 எடை குறைந்த கூரைகளுக்கு விதிக்கும் உச்ச வரம்பும் இதே 0.4தான். மின்தடைகளைத் தொடரிணைப்பில் கூட்டுவீர்களே, அதே வேலை. இயற்பியல் ஆசிரியர் மின்சாரப் பாடம் நடத்தும்போது இது உங்கள் நினைவுக்கு வரட்டும்.

952 வாட் இருந்த இடத்தில் இப்போது 190 வாட். வேலை முடிந்தது, பஞ்சு வாங்கிவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு சிக்கல். கூரை 60 டிகிரியில் கொதிப்பது பகல் ஒரு மணிக்கு. அம்மா தூங்கப் போவது இரவு பத்து மணிக்கு. பத்து மணிக்கு ஓடு நன்றாகக் குளிர்ந்து 24 டிகிரிக்கு வந்திருக்கும். அப்படியானால் பகல் ஒரு மணிக்குப் போட்ட கணக்கு இரவுத் தூக்கத்தைப் பற்றி என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. வெப்பம் அந்த ஒன்பது மணி நேரம் எங்கே இருந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

காற்று 47, சுவர் 5,000

பள்ளியில் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று படித்திருப்பீர்கள். தமிழில் தன்வெப்பக் கொள்திறன். ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் ஆற்றல். காற்றுக்கு அது ஏறக்குறைய 1,000 ஜூல். செங்கல்லுக்குச் சுமார் 840. பார்த்தால் காற்றுதான் அதிக வெப்பம் கொள்ளும் போலிருக்கிறது. ஆனால் எடையைச் சேர்த்துப் பாருங்கள்.

அறையின் உயரம் 2.8 மீட்டர். கொள்ளளவு 39 கன மீட்டர். அதிலுள்ள காற்றின் எடை 47 கிலோதான். அதை ஒரு டிகிரி சூடாக்க 47 கிலோஜூல் போதும். சுற்றியுள்ள செங்கல் சுவர்களும் கான்கிரீட் தளமும் பல டன் எடை கொண்டவை. அவற்றில் அறைப்பக்கம் பார்த்த பாதியை மட்டும் கணக்கில் எடுத்தாலே சுமார் 5,000 கிலோஜூல் வருகிறது. நூறு மடங்குக்கும் மேல்!

ஏர்கோனைத் தட்டியதும் பத்து நிமிடத்தில் குளிர்வது அந்த 47. அணைத்ததும் மறுபடி சூடேற்றுவது இந்த 5,000. முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட சுவர், இரவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது.

ஆகவே ஒரே ஒரு நேரத்துக்குக் கணக்குப் போட்டால் போதாது. ஒவ்வொரு மணி நேரமாக நடந்து போக வேண்டும். முறை மிக எளிது. ஒரு மணி நேரத்தில் அறைக்குள் வந்த வெப்பத்தைக் கூட்டுங்கள். வெளியே போனதைக் கழியுங்கள். மீதியை 5,000 கிலோஜூலால் வகுத்தால் அறை எத்தனை டிகிரி ஏறியது என்று வரும். அந்தப் புதிய வெப்பநிலையை வைத்துக்கொண்டு அடுத்த மணி நேரத்துக்குப் போங்கள். அவ்வளவே. பாவனைக் கணக்கின் உயிர் இந்த ஒரு படியில் இருக்கிறது: நேற்றைய விடை இன்றைய கேள்விக்குள் நுழைகிறது.

ஒரு படியைச் சேர்ந்து போடுவோம். பகல் 12 மணிக்கு அறை 29.4 டிகிரி. ஓடு 60. கூரை வழியாக: 2 × 14 × 30.6 = 857 வாட். வெளிச்சுவர், சன்னல் கண்ணாடி, இடுக்குகளில் புகும் காற்று மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 40 வாட் என்று என் அறைக்குக் கணக்கிட்டு வைத்திருந்தேன். வெளியே 32.5 டிகிரி, 40 × 3.1 = 124 வாட். மொத்தம் 981 வாட். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி. ஆக சுமார் 3,530 கிலோஜூல். 5,000ஆல் வகுத்தால் 0.7 டிகிரி. பகல் ஒரு மணிக்கு அறை 30.1 டிகிரி. பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை மேற்குச் சன்னல் வழியாகத் திரைச்சீலையையும் மீறி வரும் வெயிலுக்கு 200 வாட் சேர்த்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு 28 டிகிரியில் தொடங்கி இரவு பத்து வரை, 15 படிகள். கால்குலேட்டரில் தட்டினால் அரை மணி நேரம்; எக்செல் தாளில் ஒரு வரியை எழுதிக் கீழே இழுத்தால் ஒரு நிமிடம். எனக்குக் கிடைத்த விடையில் சில நேரங்களை மட்டும் கீழே தருகிறேன். முதல் எண் பழைய கூரைக்கு, இரண்டாவது பஞ்சு விரித்த கூரைக்கு.

காலை 10 மணி: 28.3 — 28.0
பகல் 1 மணி: 30.1 — 28.6
மாலை 4 மணி: 32.1 — 29.6
மாலை 6 மணி: 32.7 — 30.0
இரவு 10 மணி: 31.8 — 29.8

பழைய கூரையின் வரிசையைக் கவனியுங்கள். ஓடு உச்சச் சூட்டில் இருந்தது பகல் 12 முதல் 2 வரை. அறை உச்சச் சூட்டில் இருப்பது மாலை ஆறு மணிக்கு! ஏறக்குறைய ஐந்து மணி நேரத் தாமதம். இரவு பத்து மணிக்கும் ஒரு டிகிரிகூட முழுதாக இறங்கவில்லை. பஞ்சு விரித்தால் படுக்கும் நேரத்தில் இரண்டு டிகிரி குறைகிறது.

இதை மின்சாரமாக மாற்றிப் பார்ப்போம். சுவரும் தளமும் 31.8இலிருந்து 26 டிகிரிக்கு இறங்க வேண்டும் என்றால் 5.8 × 5,000 = 29,000 கிலோஜூல் வெப்பத்தை ஏர்கோன் வெளியே தள்ள வேண்டும். ஒரு கிலோவாட் மணி என்பது 3,600 கிலோஜூல். ஆக 8 கிலோவாட் மணி வெப்பம். ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு வெப்பத்தைத் தள்ளும் ஏர்கோன் என்று வைத்தால் 2.7 கிலோவாட் மணி மின்சாரம். இரவு முழுக்க ஓடினாலும் சுவரின் ஆழம் வரை குளிராது என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் ஒன்று தெளிவாகிறது: அந்த 2.7இல் ஒரு பெரும்பகுதி அம்மாவைக் குளிர்விக்கப் போகவில்லை. பகல் வெயிலைச் சுவரிலிருந்து வெளியேற்றப் போகிறது. ஒன்றரை எச்.பி. வாங்கியிருந்தால் அதே வேலையைக் கொஞ்சம் வேகமாகச் செய்திருக்கும், அவ்வளவுதான்.

பஞ்சு வாங்கினேன்.

இதே கணக்கு, எதிர்த்திசையில்

நான் 15 படிகளில் செய்ததைத்தான் பெரிய மென்பொருள்கள் 8,760 படிகளில் செய்கின்றன. ஓர் ஆண்டில் அத்தனை மணி நேரம். அமெரிக்க எரிசக்தித் துறை 2001இல் வெளியிட்ட எனர்ஜிபிளஸ் இவற்றுள் பெயர் பெற்றது, இலவசமாகவே கிடைக்கும். அது ஒரு மணி நேரத்தையும் பல துண்டாக்கிக் கணக்கிடும். கூரையும் சுவரும் நம்முடையதுபோல ஒரே எண்ணாக இருக்காது. சுவரின் வெளிப்பக்கம், உட்பக்கம், நடுப்பகுதி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. அதற்கு ஒரு வானிலைக் கோப்பும் வேண்டும். சுபாங் நிலையத்தின் பதிவுகளிலிருந்து தயாரித்த கோலாலம்பூர் கோப்பு ஒன்று உண்டு. அதில் மணிக்கு மணி வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் இருக்கும். அது எந்த ஆண்டின் பதிவு என்று கேட்பீர்கள். எந்த ஓர் ஆண்டும் அல்ல! பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து வழக்கமான ஜனவரி ஒன்று, வழக்கமான பிப்ரவரி ஒன்று என்று பொறுக்கி ஒட்டிய, எப்போதும் நடக்காத ஓர் ஆண்டு.

இன்னொரு சிறு செய்தி. காலை ஏழு மணிக்கு 28 டிகிரி என்று நான் எங்கிருந்து எடுத்தேன்? ஊகம்தான். எனர்ஜிபிளஸ் ஊகிப்பதில்லை. முதல் நாளையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். நாளின் தொடக்கமும் முடிவும் ஒத்துப்போன பிறகே உண்மையான கணக்கைத் தொடங்கும். ஓட்டப்பந்தயத்துக்கு முன் உடலைச் சூடுபடுத்துவது போல.

குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடு என்றால் உலகம் முதலில் சுட்டிக்காட்டுவது ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், கிரானிக்ஸ்டைன் பகுதியில் உள்ள நான்கு வரிசை வீடுகளை. நம் தெரஸ் வீடுகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டியவை. இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட்டும் சுவீடனின் போ அடம்சனும் 1988இல் பேசத் தொடங்கிய கருத்து, 1991இல் அங்கே குடும்பங்கள் குடியேறிய வீடுகளாக நின்றது. அவர்களுக்குச் சிக்கல் நமக்கு நேர்மாறு. வெப்பம் உள்ளே வரக் கூடாது என்பது நம் கவலை; வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் கவலை. சமன்பாடு ஒன்றுதான், வேறுபாட்டின் குறி மட்டும் மாறும். சுவருக்கு 275 மில்லிமீட்டர் காப்புப் பொருள், மூன்றடுக்குக் கண்ணாடி, காற்றுப் புகாத இடுக்குகள் என்று ஒவ்வொன்றின் அளவையும் கணக்கே தீர்மானித்தது.

இத்தகைய வீடுகளுக்குப் பின்னர் வகுத்த வரம்பு, வெப்பமூட்ட ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி. அந்நாளைய சாதாரண ஜெர்மன் வீட்டுக்கு ஏறத்தாழ அதைப்போல் பத்து மடங்கு வேண்டியிருந்தது. கிரானிக்ஸ்டைனில் அளவெடுத்துப் பார்த்தபோது, குடியேறிய முதல் குளிர்காலம் போக, அடுத்து வந்த ஆண்டுகளில் சுமார் 10தான் செலவானது. அங்கே ஒரு மனிதனின் உடலிலிருந்து வரும் 100 வாட் வெப்பம்கூட வீட்டைச் சூடாக்கும் வரவு. நமக்கோ அதே 100 வாட், ஏர்கோன் வெளியேற்ற வேண்டிய செலவு.

தெர்மாமீட்டர் ஒப்புக்கொள்ளவில்லை

என் கதைக்குத் திரும்புகிறேன். பஞ்சு விரிப்பதற்கு முன்பே, ஒரு மழையில்லாத வாரத்தில் அம்மாவின் அறையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். இரவு பத்து மணிக்கு 32.3 காட்டியது. என் கணக்கு 31.8. அரை டிகிரிதானே, நெருங்கி வந்துவிட்டதே என்று மகிழ்ந்துபோய் விட்டுவிட்டேன். மாணவர்கள் சோதனைக் குறிப்பில் இப்படி எழுதினால் நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். எனக்கு யார் வட்டம் போடுவது?

பஞ்சு விரித்த பிறகு கணக்கு சொன்னது 29.8. தெர்மாமீட்டர் சொன்னது 31. ஒரு டிகிரிக்கும் மேல் வேறுபாடு. வேலை செய்தவர் பஞ்சைச் சரியாக விரிக்கவில்லையோ என்ற சந்தேகத்தில் ஏணி வைத்துச் சிலிங்குக்கு மேல் ஏறிப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் விரித்திருந்தார். வியர்வையில் நனைந்து இறங்கியதுதான் மிச்சம்.

கணக்கும் அளவும் ஒத்துப்போகாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில், ராபர்ட் சொக்கொலோ தலைமையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளவெடுத்தார்கள். அவையும் வரிசை வீடுகள்தாம். குளிர்காலத்தில் கூரைக்கடியில் உள்ள பரண் எவ்வளவு குளிராக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். நேரில் பார்த்தால் பரண் அதைவிடச் சூடாக இருந்தது. பஞ்சு சரியாகத்தான் இருந்தது. துருவிப் பார்த்தபோது, இரண்டு வீடுகளுக்கு நடுவேயுள்ள சுவரின் ஓரங்களிலும் புகைக்குழாயைச் சுற்றியும் இருந்த இடைவெளிகள் வழியாக வீட்டின் சூடான காற்று பஞ்சைச் சுற்றிக்கொண்டு மேலே போனது தெரிந்தது. பரண் வழியாக இழந்த வெப்பம், பஞ்சை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைப்போல் பல மடங்கு. கணக்கு தவறியிருக்காவிட்டால் அந்த இடைவெளிகளை யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள்.

அங்கேயே கண்ட இன்னொன்று இதைவிட வியப்பானது. ஒரே வரைபடம், ஒரே பஞ்சு, ஒரே அடுப்பு கொண்ட வீடுகளுள் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு எரிவாயுவைக் குடித்தது. வீட்டில் குறையா? குடும்பம் ஒன்று காலி செய்து புதுக் குடும்பம் வந்ததும், அதே வீட்டின் செலவு மாறியது. பழையவர்கள் அதிகம் செலவழித்தார்கள் என்பதை வைத்துப் புதியவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை. வேறுபாட்டின் பெரும்பங்கு செங்கல்லில் இல்லை. உள்ளே இருந்தவர்களின் பழக்கத்தில் இருந்தது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் தாளில் கூரை இருந்தது, சுவர் இருந்தது, சன்னல் இருந்தது. அம்மா இல்லை.

நான் பள்ளிக்குப் போன பிறகு அந்த அறையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். காலை பத்து மணிக்குச் சன்னலைத் திறப்பாராம். மாலை ஐந்து மணிக்குக் கொசு வரும் என்று சாத்துவாராம். "பகல்ல சாத்தி வெச்சா மனுசன் எப்படி உள்ள இருக்கிறது? காத்து வேணாமா?" என்றார்.

என் கணக்கில் சன்னல் நாள் முழுக்கச் சாத்தியிருந்தது. இடுக்குகளில் புகும் காற்று, மணிக்கு ஒரு முறை அறைக் காற்றை மாற்றும் என்று போட்டிருந்தேன். சன்னலைத் திறந்தால் மணிக்குப் பத்து முறை மாறும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 40 வாட் என்ற எண் 157 ஆகிறது. பத்து முதல் ஐந்து வரை இதை மாற்றிப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். இரவு பத்து மணிக்கு 30.9! தெர்மாமீட்டர் சொன்ன 31 இதுதான். பழைய கூரைக்கும் இதே மாற்றத்தோடு போட்டுப் பார்த்தால் 32.3 அருகில் வருகிறது. நான் அலட்சியமாக விட்ட அந்த அரை டிகிரி.

நடந்தது என்ன என்று இப்போது புரிகிறதா? பகலில் வெளிக்காற்று 33 டிகிரி. பஞ்சு விரித்த அறை 29 டிகிரி. சன்னலைத் திறந்தால் வெப்பம் உள்ளே வருகிறது; சுவர் அதை வாங்கி வைக்கிறது. மாலையில் வெளிக்காற்று அறையைவிடக் குளிரத் தொடங்கும் நேரம் பார்த்துச் சன்னல் சாத்தப்படுகிறது. பிடித்த வெப்பம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

நேர்மாறாகச் செய்தால்? பகலில் சாத்தி, மாலை ஆறு மணிக்குத் திறந்து பத்து வரை வைத்தால் 29.3 வருகிறது. 30.9க்கும் 29.3க்கும் இடையே 1.6 டிகிரி. பஞ்சு கொடுத்தது 2 டிகிரி. பஞ்சுக்கு நான் கொடுத்த தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை. சன்னலுக்கு ஆனது கொசுவலைச் சட்டத்தின் விலை மட்டும். இரண்டும் சேர்ந்தபோது, முன்பு பார்த்த அந்த 2.7 கிலோவாட் மணி 1.5 ஆகக் குறைகிறது. ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு. உங்கள் வீட்டு மின்கட்டண பில்லில் மாதப் பயன்பாட்டை எடுத்து, முப்பது இரவுக்கு இது எத்தனை விழுக்காடு என்று பாருங்கள்.

அம்மா சொன்னதும் தவறில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வீசும் காற்று வியர்வையை உலர்த்துவதால் உடல் குளிர்ச்சியாக உணர்கிறது. என் கணக்கு சுவரின் வெப்பநிலையைச் சொன்னதே தவிர, அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் உணர்வைச் சொல்லவில்லை. சாத்திய அறையில் காற்றாடி ஓட வேண்டும் என்று பேசி முடித்தோம். காற்றாடிக்கு 60 வாட். அதையும் தாளில் சேர்த்தேன்.

உங்கள் அறைக்கு

பள்ளி விடுமுறையில் உங்கள் அறைக்கும் இதைச் செய்யுங்கள். அளவு நாடா, ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு போதும். தெர்மாமீட்டரை வெயில் படாத இடத்தில், சுவரைத் தொடாமல், ஏர்கோன் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். முதலில் கணக்கைப் போட்டு முடியுங்கள். பிறகுதான் அளவெடுக்க வேண்டும். அளவைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால், நமக்கே தெரியாமல் எண்களைக் கொஞ்சம் வளைத்துவிடுவோம்.

எக்செல்லில் முதல் நெடுவரிசை நேரம், இரண்டாவது ஓட்டின் வெப்பநிலை, மூன்றாவது வெளிக்காற்று, நான்காவது சன்னல் திறந்திருக்கிறதா இல்லையா. இந்த நான்காவதை நிரப்ப, வீட்டில் இருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். நீங்களாக எழுதாதீர்கள். ஓட்டின் சூட்டை அளக்க வழியில்லை என்றால், காலை எட்டு மணிக்கு 34இல் தொடங்கி உச்சியில் 60க்கு ஏறி, மாலை ஆறு மணிக்குப் பிறகு 31க்கு இறங்குவதாக வைத்துக்கொள்ளலாம். மழை பெய்தால் இந்த எண்கள் எதுவும் செல்லாது. அந்த நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள். அடுக்குமாடி வீட்டில் நடு மாடியில் இருப்பவர்களுக்குக் கூரைக் கணக்கே தேவையில்லை. உங்களுக்கு மேற்குச் சுவரும் கண்ணாடியும்தான் முக்கியம்.

நம் கணக்கில் ஈரப்பதம் இல்லை என்பதைப் படிவம் 4, 5 மாணவர்கள் கவனித்திருப்பீர்கள். ஏர்கோனிலிருந்து வெளியே சொட்டும் நீரை ஓர் இரவு வாளியில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கிலோ நீராவியும் நீராக மாறும்போது சுமார் 2,450 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. ஏர்கோன் அதையும் சுமக்க வேண்டும். வாளியில் இரண்டு கிலோ நீர் இருந்தால், அது எத்தனை கிலோவாட் மணி மின்சாரம் என்று உங்களால் இப்போது கணக்கிட முடியும். அந்த விடையை என்னுடைய 1.5க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.